நான்காவது ஜோடி

பெரில் வலது கையை நீட்டினாள். அதை யாரோ பிடித்தார்கள். எதிரே ஆள் இல்லை.

நாலு ஜோடி, எட்டுப் பேர் சதுரமாக நின்று ஆடவேண்டிய ஆட்டம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊர்க் கூடத்துக்கு ஆட வந்தது ஏழு பேர்தான். ஊருக்குக் குடிவந்து மூன்றே வாரமான பெரிலுக்கு ஜோடி அமையவில்லை. "பக்கத்துல ஆள் இருக்கிறதா நினைச்சுக்கிட்டு ஆடுங்க," என்று சொல்லியிருந்தார், மேடையில் அக்கார்டியன் வாசித்தபடி ஆட்டம் சொல்லிக்கொடுத்த கிளைவ்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன். யாரோ என் கையைப் பிடிச்சாங்க."

பக்கத்து ஜோடியில் நின்ற மார்ஜரி சிரித்தாள். "கொடுத்துவச்சவ! இந்த மனுஷன் என் கையைப் பிடிச்சு இருபது வருஷமாச்சு."

அவள் கணவன் அசடு வழிந்தான். எல்லாரும் சிரித்தார்கள். பெரிலும் சிரித்துவைத்தாள். இந்த ஊரில் அவளை வீடு தேடி வந்து கூப்பிட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

"மறுபடியும் சங்கிலி," என்றார் கிளைவ். "முதல்ல ஜோடிக்கு வலது கை. கடந்து போய் அடுத்தவருக்கு இடது கை. நிக்காம போகணும்."

தகரக் கூரையில் மழை தடதடக்க, நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் மெழுகு தேய்த்த தரையின் வாடையும் மூச்சை அடைக்க, கால் எங்கே போகிறதென்று தெரியாமலே அவள் சுற்றினாள். ஜோடிக்கான முதல் வலது கையை நீட்டாமலே விட்டாள். இடது கைக்கு மார்ஜரியின் கணவன், சூடான உள்ளங்கை. அடுத்து வலது. அடுத்து இடது. அந்த மூவரும் கடந்துபோனார்கள். இனி ஜோடியின் முறை.

வலது கை.

சில்லென்று ஒரு பிடி. மெலிந்த விரல்கள். கட்டைவிரல் ஒன்று அவள் புறங்கையை மெல்லத் தடவிக்கொடுத்தது.

உதறினாள். சதுரத்தை விட்டு ஓடி, சுவரோரப் பெஞ்சில் போய் விழுந்தாள்.

"எனக்குத் தலை சுத்துது. நீங்க ஆடுங்க."

யாரும் திரும்பவில்லை. வாசிப்பும் நிற்கவில்லை. இப்போது ஆடுவது ஆறு பேர். காலி இடம் இரண்டு.

"அடடே, பெரில்!" கிளைவின் குரலில் அத்தனை சந்தோஷம். "இப்பதான் சரியா வருது!"

அவர் பார்த்தது பெஞ்சை அல்ல.

"கிளைவ், நான் இங்க இருக்கேன்."

யாருக்கும் கேட்கவில்லை.

"மார்ஜரி!"

கத்தினாள். பெஞ்சுக்குப் பக்கத்து மேஜையைத் தட்டினாள். தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. ஒரு தலைகூட நிமிரவில்லை.

மார்ஜரியின் கணவன் வெறும் காற்றுக்கு இடது கையை நீட்டினான். அவன் விரல்கள் எதையோ சுற்றி மூடின.

வாசிப்பு நின்றது. ஆறு பேரும் குனிந்து வணங்கினார்கள்.

"முதல் நாளே பிடிச்சுக்கிட்டியே, கெட்டிக்காரி!" என்றாள் மார்ஜரி, பெரில் நின்றிருந்த இடத்தைப் பார்த்து. ஆசையாக அந்தக் காலியிடத்தின் தோளில் கையைப் போட்டாள்.

கை கீழே விழவில்லை.