கூட்டுத்தடம்

ஊதச் சொன்னார்கள், வேதவல்லி ஊதினாள். மூச்சுமானியின் குழாய் மஞ்சளாகிச் சிவப்பில் நின்றது. அவள் ஆச்சரியப்படவில்லை. அடுத்து அவள் மகள், ஐந்து வயது மகிழினி ஊதினாள். பச்சை. பிள்ளைக்கு நோய் இல்லை. வேதவல்லி இரண்டு கையும் கூப்பினாள்.

உறங்குகாய்ச்சலில் இருமல் இல்லை, சூடு இல்லை. பத்து வருடம் ஆளுக்குள் பேசாமல் கிடந்துவிட்டு, ஒரே வாரத்தில் கொண்டுபோய்விடும். அவள் புருஷனை அப்படித்தான் கொண்டுபோயிற்று. உப்பேறிப்போன வேதாரண்யத்தை விட்டுக் கிளம்புமுன் பார்த்த சோதனையில் அவளுக்கு நோய் இருந்தது, பிள்ளைக்கு இல்லை. அதனால் கப்பலேறிய அன்றே பிள்ளையைப் பக்கத்து ஊர் ரெஜினாவிடம் விட்டாள். நாற்பது நாளும் சோறு ஊட்டியது, தலை வாரியது, ஒரே போர்வையில் படுத்தது எல்லாம் ரெஜினாதான். அம்மாவைத் தொட்டால் அவுட்டு என்று விளையாட்டுச் சொல்லி வைத்திருந்தாள் வேதவல்லி. முதல் வாரம் அழுத பிள்ளை, பிறகு விளையாட்டில் கெட்டிக்காரியாகிவிட்டது.

கப்பல் வந்து சேர்ந்த வடகடல் துறைமுகத்தின் குடியேற்ற அலுவலர் பிரணவன். அவருடைய பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் வாயில் இருந்தது. திரையை இரண்டு தடவை பார்த்தார்.

"அம்மா, உங்கட பிள்ளையெண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டு பேருக்கும் கூட்டுத்தடம் ஒண்டும் இல்லையே."

சேர்ந்து வாழ்கிறவர்களின் மூச்சில் நுண்ணுயிர்கள் கலந்து ஒரே சாயலாகிவிடும். அதுதான் கூட்டுத்தடம். பிரிந்தால் ஒரு மாதத்தில் அது அழிந்து, புதிதாகக் கூட இருப்பவரின் சாயல் ஏறிக்கொள்ளும். நோயைத் தேடச் செய்த கருவி இதையும் காட்டியது. முன்பு மரபணுச் சோதனை வளர்ப்புப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துப்போட்டதால், ஒன்றாக மூச்சுவிட்டவர்களே குடும்பம் என்று அந்த நாடு சட்டம் போட்டது. நல்ல மனசோடு போட்ட சட்டம். காகிதங்களை யாரும் நம்புவதில்லை. அவை எல்லாத் துறைமுகத்திலும் விலைக்குக் கிடைத்தன.

பிள்ளையின் தடம் ரெஜினாவுடையதோடு அச்சாகப் பொருந்தியது. தான் சோறு போட்டவள் மட்டும்தான், பெற்றவள் வேதவல்லிதான் என்று ரெஜினா சத்தியம் செய்து மன்றாடினாள். பிரணவன் குனிந்து, அம்மாவிடம் போ என்று பிள்ளையிடம் சொன்னார். மகிழினி வேதவல்லியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஓடிப்போய் ரெஜினாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்னை அவுட்டாக்கப் பாக்குறாரு அத்தை."

பிரணவன் கெட்டவர் இல்லை. வேதவல்லியைத் தனியறைக்கு அழைத்துப்போய் விளக்கினார். நோயுள்ளவருக்கு உள்ளே குடும்பம் இருந்தால் முகாமில் வைத்து மருந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும். ஒரே வழி, தாயும் பிள்ளையும் பத்து நாள் மூடிய ஓர் அறையில் இருப்பது. தடம் ஏறிவிடும், மறுபடி ஊதலாம்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு இருக்கலாமா சார்?"

"அப்பிடியெண்டால் தடமும் ஏறாது, அம்மா. தடம் வாற வழியாலதான் காய்ச்சலும் வரும்."

"வந்தா மருந்து குடுப்பீங்கல்ல?"

"பெரிய ஆக்களுக்கு அந்த மருந்து தாங்கும். ஏழு வயசுக்குக் கீழ பாதிப்பேருக்குத் தாங்காது. மறைக்க விரும்பேல்லை."

கண்ணாடிக்கு அப்பால் ரெஜினா ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வேதவல்லி அதைப் பார்த்தபடியே, ரெஜினாவோடு அனுப்பினால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டாள். ரெஜினாவைத் தாயென்று பதிந்தால் நாளைக்கே சேர்ப்பார்கள் என்றார் பிரணவன்.

"அப்ப எழுதிக்குங்க சார். நான் அவ அம்மா இல்ல."

"ஒருக்காச் சொன்னால் பிறகு மாத்தேலாது."

"பிள்ளையக் காட்டினா உள்ள விடுவாங்கன்னு யாரோ சொன்னாங்க. அதான் பொய் சொன்னேன்னு எழுதுங்க."

பிரணவன் எழுதிக்கொண்டார். பிள்ளையிடம் சொல்லிக்கொள்ள ஐந்து நிமிடம் தரலாம் என்றார். வேண்டாம், கிட்டே போயிடுவேன் என்றாள்.

மூன்று மணிக்குக் கப்பல் புறப்பட்டது. அன்று ஊதிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் கருவி காட்டியதற்கு மாறாக எழுதிக்கொடுத்தவள் ஒருத்திதான். அவளும் கடைசியில் ஒப்புக்கொண்டாள். மூச்சுமானி நூற்றுக்கு நூறு சரி என்று மாலை அறிக்கை மேலே போயிற்று. அடுத்த மாதம், அந்த அறிக்கையைக் காட்டி, துறைமுகத்தில் விசாரணை அறைகளை மூடிவிட்டார்கள். பிரணவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். வருகிறவர்களிடம் இனி யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.