அவள் சொல்லாத மரம்

"ஒடிக்காதீங்க!"

கிளையைப் பிடித்த கை அப்படியே நின்றது. வேலாயுதம் திரும்பினான். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண்... கண்களில் கோபம். ஆனி வெயிலில் பொட்டல் முழுவதும் காய்ந்து கிடக்க, அந்தக் கண்களில் மட்டும்தான் ஈரம் மிச்சமிருந்தது.

"ஐயனார் காடு. இங்க ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம்."

"தெரியாமச் செஞ்சுட்டேன். கீழ விழுந்ததை எடுக்கலாமா?"

"அதைக் கேட்டுட்டுல்ல கைய வச்சிருக்கணும்?"

திருச்சியில் ஒரு கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்பவன் அவன். மழை பொய்த்த அந்த வருஷம், இந்த வறண்ட சீமையில் எந்தச் செடி, எந்தப் பறவை பிழைத்திருக்கிறது என்று பார்க்கக் காரில் புறப்பட்டிருந்தான். வல்லத்திராக்கோட்டையைத் தாண்டியதும் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் ராமு தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தான்.

அமராவதி குடத்தைப் பார்த்தாள். ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்ட தண்ணீர். அண்ணன் வைவான்... வையட்டும். பாதியை வண்டிக்கு ஊற்றினாள்.

"பதிலுக்கு நான் என்ன தர?"

"வேற காட்டுல போயி ஒடிங்க. அது போதும்."

அவன் சிரித்தான். "சரி, அது என்ன மரம்?"

"வெள்வேல். இது கருவேல். அங்கிட்டு நிக்கிறது குடைவேல்."

"எல்லாம் வேல்தானா! என் பேரும் வேலாயுதம்."

"அதான் வந்ததும் குத்துறீங்க."

அறந்தாங்கி வரை போனவன், சில நாள் கழித்துத் திரும்பும்போதும் அங்கேயே வண்டியை நிறுத்தச் சொன்னான். இந்த முறை இன்ஜின் கொதிக்கவில்லை. அது ராமுவுக்கும் தெரியும்.

"கௌதாரி கத்துதே... எங்கே?" என்று அவளிடம் கேட்டான்.

"அந்த... முள்ளு மரத்துக்குப் பின்னால."

"இங்க எல்லாமே முள்ளுதான்! அன்னைக்கு அழகாப் பேரு சொன்னீங்களே?"

"மறந்துபோச்சு." அவள் காதுமடல் சிவந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலையே அவள் அண்ணன் தங்கமுத்துவிடம் பெண் கேட்டான். தங்கமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டான்.

"இவரைத் தெரியுமா? ஒனக்குத் தெரிஞ்ச ஆளுன்னா மேல பேசுவோம். பேரைச் சொல்லு."

கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரை வாயால் சொல்வதா? மனசுக்குள் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் நாக்கு 'வேல்' என்ற சொல்லையே தொடவில்லை... தலை குனிந்தாள்.

"பேருகூடத் தெரியல! போயிட்டு வாங்க சார்."

வேலாயுதம் அவளையே பார்த்தான். ஒரு பெயர்... அதைச் சொல்லக்கூடவா மனமில்லை? விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினான்.

திரும்பிப் பாருங்க... ஒரே ஒரு தடவை... அவன் பார்க்கவில்லை. புழுதி அடங்கிய பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை வந்தது. வாசலுக்கு எதிரே வெள்வேல் பூத்தது. நனைந்தபடி ராமு மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"சாருக்குக் குளிர் காய்ச்சல்மா... ஆஸ்பத்திரியில வச்சும் காப்பாத்த முடியல. கடைசியா எந்திரிச்சு உக்காந்தாரு. 'முள்ளு மரம்னாளேடா ராமு! என் பேரைத்தான்டா அவ சொல்லல. நான் ஒரு மடையன்... வண்டியைத் திருப்பு'ன்னாரு. காய்ச்சல் இறங்கட்டும் சார், போவோம்னேன்... இறங்கவே இல்லம்மா."

அவள் அழவில்லை. அழ என்ன உரிமை? தாலி கட்டாதவனுக்கு எந்தப் பொட்டை அழிப்பது?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கமுத்து அவள் அருகில் வந்தான்.

"அவரு பேரு என்ன தாயி?"

இனிச் சொன்னால்தான் என்ன? அவள் உதடு அசைந்தது... ஒட்டிக்கொண்டது. மழைக்குள் கையை நீட்டி, பூத்து நின்ற மரத்தைக் காட்டினாள்.

அதன் பிறகு, சாகிறவரை, தங்கமுத்துவும் அதை முள்ளு மரம் என்றுதான் சொன்னான்.