எலும்பில்லாத கறி

“முதல்ல கறியை நிறுத்துங்க.”

சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய டாக்டர் எச்சரித்திருந்தார். “எதை வேணா சொல்லும்மா, அதை மட்டும் இந்தக் கட்டடத்துல சொல்லிடாதே.” கீழே கறிக்கடை, மாடியில் பிராணிகள் கிளினிக். கட்டடமே கறிக்கடைக்காரருடையது.

எதிரே நின்றவன் அவருடைய மகன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டி எட்டிப் பார்த்தது. அவன் இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

அதை ஏன்டி பார்க்கிறே? எக்ஸ்ரேயைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

எக்ஸ்ரேயில் குட்டியின் எலும்புகள் புகையாய் மங்கிக் கிடந்தன. பின்னங்கால் இரண்டும் வளைந்திருந்தன.

“இந்த மகாராணிக்கு நானே என் கையால வெட்டித் தர்றேங்க. எங்க கடைக் கறி. துளி எலும்பு இருக்காது, பஞ்சு மாதிரி இருக்கும்.”

“அதான் அதோட எலும்பும் பஞ்சாப் போச்சு.”

அவன் முகம் சிவந்தது. “எங்க கறியையா குத்தம் சொல்றீங்க?”

“கறியில குத்தமில்ல. வெறும் கறியில சுண்ணாம்புச் சத்து கிடையாது. கழுத்துல பாராதைராய்டுன்னு கடுகாட்டம் சுரப்பி இருக்கு. ரத்தத்துல சுண்ணாம்பு குறைஞ்சா, அது எலும்பைக் கரைச்சு எடுத்துக் குடுக்கும். சரக்கு வரலைன்னு வளர்த்த ஆட்டையே வெட்டுற மாதிரி.”

அவன் யோசித்தான். “அப்ப அதுவும் எங்க தொழில்தான்னு சொல்லுங்க.”

சிரித்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“குட்டி இங்கயே கூண்டுல இருக்கட்டும். குதிச்சா எலும்பு முறியும். எல்லாச் சத்தும் சேர்ந்த தீனி மட்டும்தான். வீட்டுக்கு அனுப்பினா நீங்க பாசத்துலயே கொன்னுடுவீங்க.”

தினமும் வந்தான். கூண்டின் முன் சம்மணமிட்டு உட்காரும் முன் அவளிடம் கையை நீட்ட வேண்டும். மோந்து பார்ப்பாள். கறி வாசம் வந்தால் வெளியே. ஒருநாள் ரோஜா சோப்பு வாசம்... பிடித்த கையை விடச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

மகாராணி நேராக நடக்கத் தொடங்கிய வாரம் கீழே கடையில் சண்டை வெடித்தது. ‘பூனைக்குட்டிக்கு வெறும் கறி மட்டும் போடாதீர்கள்’ என்று மகனே கடை வாசலில் பலகை மாட்டிவிட்டான்.

பெரிய டாக்டர் வியர்த்து வழிந்தார். “கீழ போய் மன்னிப்புக் கேட்டுடும்மா. இல்லன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்றார் கடைக்காரர்.”

அவள் வீட்டில் முதல் பட்டதாரி. ‘இனிமேலாவது வாயை மூடிக்கிட்டுப் பொழச்சுக்கோ’ என்பது அம்மாவின் ஆசீர்வாதம். வாயைத் திறக்கத்தானே படித்தது?

கூண்டருகே இருந்தவனிடம் பாய்ந்தாள். “பலகை மாட்டச் சொல்லி நான் கேட்டேனா?”

“தப்பு என்னுதுதானே... நாலு குட்டியாவது நல்லா நடக்கட்டும்.” தரையைப் பார்த்தான். “அப்புறம்... உங்ககிட்ட திட்டு வாங்காத அன்னிக்கு சோறு இறங்க மாட்டேங்குது.”

“அது தொண்டைக் கோளாறு.”

“இல்லீங்க. இன்னும் கொஞ்சம் கீழ.” கை நெஞ்சில் இருந்தது.

வெளியே மழை ஒருகணம் நின்றுவிட்டதா... அவளுக்குத்தான் கேட்கவில்லையா?

“இதை அப்பாகிட்ட சொன்னீங்களா?”

“பயமா இருக்கு.”

“அவ்வளவு பெரிய கத்தியைப் பிடிக்கிற கை. அப்பாகிட்ட பேச வாய் இல்லையாக்கும்?”

மகாராணியின் எக்ஸ்ரேக்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். பழையதில் புகை. புதியதில் பளிச்சென்று வெள்ளை எலும்பு.

பெரிய டாக்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார். “மன்னிப்புக் கேட்கத்தானேம்மா போறே?”

“இல்ல சார். மாப்பிள்ளை கேட்க.”

“டாக்டர்...” பின்னாலேயே ஓடிவந்தான் அவன். “அப்பா கையில கத்தி இருக்குமே.”

“என் கையில எக்ஸ்ரே இருக்கு,” என்று படியிறங்கினாள்.