இஞ்சிப்பூ வாசத்தில் ஒரு கொலை

இறந்தவருக்கு வயது அறுநூறு.

சுற்றிலும் ரத்தம் இல்லை... ரம்பத்தூள்!

ஃபெங்ஹுவாங் மலையுச்சிக் கிராமத்தில், அரசாங்கம் எண் பலகை மாட்டிப் பாதுகாத்த தேயிலை மரம். யாரோ கணுக்கால் உயரத்தில் அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். இந்த வசந்தத்தின் பறிப்புக்கு இரண்டே நாள் இருந்தபோது.

மரம் என்றால் வனத்துறை என்றது போலீஸ். கொலை என்றால் போலீஸ் என்றது வனத்துறை. இருபத்தேழு நாள் பந்தாடப்பட்ட கோப்பு, கடைசியில் இன்ஸ்பெக்டர் குவான் தலையில் விழுந்தது.

குவான் வடக்கே ஹார்பினில் நிஜக் கொலைகாரர்களைத் துரத்தியவர். மாற்றலாகி வந்து எட்டு மாதம். இன்னும் ஒரு திருடனைக்கூடப் பார்க்கவில்லை... டீயைத்தான் பார்க்கிறார்.

"செத்தது மரம். சாட்சி நாலு வாத்து. நான் என்ன பாவம் பண்ணேன் ஷூ?"

கான்ஸ்டபிள் ஷூ இந்த மலைக்காரன். மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

குற்றவாளி என்னவோ ஜீப்பில் தயாராக உட்கார்ந்திருந்தார். வென் போச்சி, ஐம்பத்தைந்து வயது. அவர் கொட்டகையில் இருந்த ரம்பத்தின் பல்லில் அந்த மரத்தின் தூள். மரம் யாருக்கு என்று அண்ணன் மனைவியோடு தகராறு. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கேட்டதற்கெல்லாம் போச்சி ஒரே பதில்தான் வைத்திருந்தார். ரம்பம் என்னுது. அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

நான்கு மணிக்கு ஜீப் கிளம்பும். கிளம்பினால் நேரே சிறை... பல வருடம்.

பாக்கி, மரத்துக்காரியின் வாக்குமூலம் மட்டும்.

மரத்துக்காரி லின் சூச்சிங், போச்சியின் அண்ணி. புருஷன் போன பிறகு அந்த மரத்தோடு தனியாக இருந்தவள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மூன்றே மூன்று குட்டிக் கோப்பைகள். பத்துப் பேர் வந்தாலும் இந்த ஊரில் மூன்றுதான்.

"அக்கா, டீ வேண்டாம். யார் அறுத்தாங்க, சொல்லுங்க."

"முதல்ல குடிங்க தம்பி. அந்தக் காலத்துல ஒரு ராஜா எதிரிக்குப் பயந்து இந்த மலைக்கு ஓடி வந்தார். தாகம். ஒரு தெய்வப் பறவை இலைக் கொத்தைக் கொண்டுவந்து போட்டுச்சு. மென்னு பார்த்தா..."

"ராஜாவை விடுங்க. ரம்பத்துக்கு வாங்க."

அவள் கோப்பையை நிரப்பினாள்.

குவான் வேண்டாவெறுப்பாக உறிஞ்சினார். முதலில் இஞ்சிப்பூ வாசம். பின்னாலேயே பாறைப் பாசியின் ஈரம். தொண்டையில் இறங்கிய பிறகு எங்கிருந்தோ தேன்... ஹார்பினில் அவர் பிளாஸ்கில் மிதக்கவிட்டுக் குடித்ததெல்லாம் வைக்கோல் கழுவிய தண்ணீர் என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

சந்தேகத்தை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். அவள், வருடத்துக்கு ஒன்றரைக் கிலோதான் இலை வரும் என்று ஆரம்பித்தாள். தடுத்தார். மூன்று வருடமாக மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தாள். மரத்தின் ஜாதகம் தேவையில்லை என்று மேஜையைத் தட்டினார். விரலால் மேஜையைத் தட்டினால் இங்கே நன்றி என்று அர்த்தம். அவள் இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

மணி மூன்று நாற்பது. பதினோராவது கோப்பை.

குவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஷூ... உள்ளே கொள்ளி வச்ச மாதிரி எரியுது. விஷம் வச்சுட்டாளா?"

ஷூ நெளிந்தான்.

"விஷமில்ல சார். புது இலை. கரி நெருப்புல வாட்டி, மாசக்கணக்கா ஆறப் போட்டாத்தான் வயித்தைச் சுடாது. இது பறிச்சு ஒரு மாசம்கூட ஆகல."

"எந்த மரத்து இலை?"

"அந்த இஞ்சிப்பூ வாசம் செத்த மரத்தைத் தவிர வேற எந்த மரத்துக்கும் கிடையாது சார்."

குவான் எழுந்துவிட்டார். பறிப்புக்கு இரண்டு நாள் முன்பே அறுபட்ட மரம்... அதன் இந்த வருடத்து இலை கோப்பைக்குள் எப்படி?

"முதல் வாய்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"ஏன்டா சொல்லல?"

"விருந்துக்கு வந்த வீட்டுல டீயைக் குறை சொல்லக் கூடாது சார்."

குவான் தன் தலைமயிரைத் தானே பிய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"அக்கா... பறிச்சது நீங்க. அறுத்தது?"

"நான்தான். காலைலேர்ந்து அதைத்தான் சொல்ல வர்றேன், நீங்க எங்க விடுறீங்க?"

"தப்பு பண்ணிட்டு, அந்த இலையையே எனக்கு ஊத்துவீங்களா?"

"போன வருஷத்து இலை தீர்ந்துபோச்சு. வீட்டுக்கு வந்தவருக்கு ரெண்டாந்தரமா ஊத்த முடியும்?"

"உங்க கொழுந்தன் ஜெயிலுக்குப் போறார், தெரியுமா?"

அவள் கையிலிருந்த கெட்டில் நின்றுவிட்டது. போச்சியை ஜீப்பில் வைத்திருப்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய குவான், ராஜாவைத் துரத்துவதில் மும்முரமாக இருந்தார்.

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். குவானும் பின்னால்.

"ரம்பத்தை நான் சொல்லாம எடுத்துட்டுப் போய்த் திரும்ப வச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே!" என்று ஜீப்பைப் பார்த்துக் கத்தினாள்.

போச்சி அவளைப் பார்க்காமல் குவானிடம் பேசினார்.

"அண்ணி எடுத்துட்டுப் போறதைப் பார்த்தேன் சார். பேச்சுவார்த்தை இல்லையே... எதுக்குன்னு எப்படிக் கேக்கிறது?"

"அதுக்காக ஜெயிலுக்குப் போவீங்களா?"

"அண்ணன் இருந்தா போயிருப்பான்."

 

சூச்சிங் இப்போது தடையில்லாமல் சொன்னாள். தண்டுக்குள் வண்டு குடைந்துவிட்டது. அடியோடு வெட்டினால் பிழைக்கும். கிழட்டுச் செடிக்கு இந்த மலையில் செய்கிற வைத்தியமே அதுதான். அனுமதி கேட்டு வனத்துறைக்கு வருடத்துக்கு ஒன்றாக மூன்று மனு போட்டாள். குழு வந்து பார்க்கும் என்று மூன்று பதில். குழு வரவில்லை, வண்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு தடவை பறித்துவிட்டு ரம்பத்தை எடுத்தாள்.

"பிழைக்கும்னு என்ன நிச்சயம்?"

"பார்க்க விட்டாத்தானே! உங்க ஆளுங்க கட்டையைச் சாக்கால மூடி முத்திரை வச்சுட்டாங்க."

நான்கு மணிக்கு ஒரே நிமிடம்தான் பாக்கி. குவான் கட்டையிடம் ஓடி, முத்திரையைத் தானே அறுத்தார். சாக்கை விலக்கினார்.

கட்டையின் விளிம்பில்... அரிசி அளவில், செக்கச்செவேலென்று ஏழு துளிர்கள்!

குவான் போச்சியின் கைவிலங்கைக் கழற்றினார்.

செல்போன் அலறியது. மேலதிகாரி.

"என்னய்யா, கொலைகாரன் கிடைச்சானா?"

"கொலையே இல்ல சார். ஆள் உசிரோட இருக்கார்... வனத்துறைகிட்ட மூணு வருஷம் அனுமதி கேட்டுட்டு, கடைசியில வீட்டுலயே முடி வெட்டிக்கிட்டார்!"