ஐந்தில் நான்கு ஓட்டு

"வீல்...!"

ஆர்ஹுஸ் நகர ஆஸ்பத்திரியின் காபி அறையே அலறியது.

வெள்ளிக்கிழமை கேக் துண்டு தட்டில் பாதி கிடக்க, அதைத் தின்ற புள்ளியியல் நிபுணர் போடில் தரையில் கிடந்தாள். உயிர் இருந்தது... ஆனால் நாடி தாறுமாறாக ஓடியது!

அங்கே நோயைக் கண்டுபிடிக்க ஐந்து கணினி முறைகள். ஒவ்வொன்றும் தனியாகக் கணக்குப் போட்டு ஓட்டளிக்கும். எதற்கு அதிக ஓட்டோ, அதுதான் நோய்.

நான்கு ஓட்டு... மாரடைப்பு.

ஒரே ஒரு ஓட்டு... டிஜாக்சின் விஷம்! அளவு மீறினால் ஆளையே கொல்லும் இதய மருந்து அது.

அந்த ஒற்றை ஓட்டு டாக்டர் மெரெதேயை உறுத்தியது. போலீசைக் கூப்பிட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் சன்னே நனைந்த மழைக்கோட்டோடு நுழைந்தாள்.

"ஏன் இன்னும் மருந்து குடுக்கல?"

"எதைக் குடுக்க? மாத்திக் குடுத்தா போடில் செத்துடுவா!"

"இந்த ஓட்டு விளையாட்டு யாரோடது?"

"என்னோடது," என்றான் எஸ்கில். போடிலுடன் வேலை செய்பவன். இந்த வாரம் கேக் கொண்டுவந்ததும் அவன்தான். "நாலு கணினி முறையும் நாலு ஊர்ல நாலு குழு தனித்தனியா செஞ்சது. அஞ்சாவது போடில் செஞ்சது. அது உளறும். மாரடைப்புதான்!"

சன்னே கொட்டாவி விட்டாள்.

"ஒரு கணினி முறை நூத்துக்கு எத்தனை தடவை சரியாச் சொல்லும்?"

"எழுபது."

"அப்போ நாலும் சேர்ந்தா இருநூத்தி எண்பது! கேஸை மூடிடலாம்."

எஸ்கிலுக்கு முகம் சிவந்துவிட்டது. தப்புக் கணக்கை அவனால் சகிக்கவே முடியாது, பாவம்!

"அய்யோ, அப்படியெல்லாம் கூட்டக் கூடாது! எழுபதே எழுபதுதான்! ஒரே கணக்கை நாலு தடவை ஓட்டினா எப்படிக் கூடும்...?"

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒரே கணக்கா?" மெரெதே பாய்ந்தாள். "அடப்பாவி! வேற வேற மாதிரி தப்பு பண்ற முறைங்களைச் சேர்த்தாத்தானே ஒண்ணை ஒண்ணு திருத்தும்? ஒண்ணுக்கே நாலு பேரு வெச்சு ஏமாத்தியிருக்கே!"

"அதை போடில் கண்டுபிடிச்சுட்டா. இல்லையா எஸ்கில்?" சன்னே மிச்சக் கேக்கை நீட்டினாள். "இந்தாங்க... ஒரு வாய்!"

எஸ்கில் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"விஷ முறிவு ஊசி... ஓடு!" மெரெதே நர்ஸிடம் கத்தினாள்.

ஊசி ஏறியது. எல்லோரும் திரையையே வெறித்தார்கள். நாடி தடுமாறி... தடுமாறி... சீரானது. போடில் கண் திறந்தாள். மெரெதே அழுதேவிட்டாள்.

கைவிலங்கு மாட்டும்போது எஸ்கில் கேட்டான்.

"எ... எனக்கு என்ன தீர்ப்பு வரும்?"

"ஆறு ஜூரிங்க ஓட்டுப் போடுவாங்க. பயப்படாதீங்க..." சன்னே கண்ணடித்தாள். "ஆறும் வேற வேற ஆளுங்கதான்!"