பையைக் காணோம், ஐயா!

பெர்மெத் அக்கா மறுபடியும் பேனாவைக் கீழே போட்டாள்.

நாளை மறுநாள் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஆங்கிலத் தேர்வு. எழுத்துப் பகுதியில் ஒன்பதுக்கு ஆறு மதிப்பெண் வாங்கினால்தான் அக்கா வெளிநாட்டில் நர்ஸ் படிப்பில் சேரலாம். இரண்டு முறை ஐந்தோடு நின்றுவிட்டது. இந்த முறையும் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

பத்து வயதுத் தங்கை சைக்காலுக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை. "அக்கா, இருபது நிமிஷம் ஆயிடுச்சு."

"ஐயோ, அதுக்குள்ளயா?"

பேருந்தில் பை தொலைந்துவிட்டது, கம்பெனி மேனேஜருக்குக் கடிதம் எழுது என்பது கேள்வி. சைக்கால் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மேனேஜர் நலமா? மனைவி மக்கள் நலமா? ஆடுமாடுகள் சௌக்கியமா? குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்ததா? கடைசி வரி வரை விசாரிப்புதான்.

"பை எங்கக்கா?"

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சே!"

"அப்ப அவரு பையை எப்படித் தேடுவாரு? மாட்டை எண்ணிப் பாக்கப் போயிடுவாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "டீச்சரும் இதேதான் சொல்றாங்க, நேரா விஷயத்துக்கு வான்னு. முன்னப்பின்ன தெரியாத பெரிய மனுஷன்கிட்ட, நல்லாயிருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காம எப்படிடி ஆரம்பிக்கிறது? பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பாருன்னு அம்மாவைத்தானே சொல்வாங்க? எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."

அதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் ஊரான நாரினில் வழி கேட்பவர்கள்கூட முதலில் ஆடுமாடுகளை விசாரித்துவிட்டுத்தான் வழி கேட்பார்கள்.

சைக்கால் கொஞ்சம் யோசித்தாள். அப்பாவின் கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தொப்பி மூக்குவரை இறங்கியது.

"நான்தான் மேனேஜர். எல்லாத்தையும் வாயாலயே விசாரிச்சுடு. அப்புறம் எழுது."

அக்கா தயங்கினாள். பிறகு நெஞ்சில் கைவைத்து, ஒன்று விடாமல் விசாரித்தாள்.

சைக்கால் குரலைத் தடிமனாக்கிக்கொண்டாள். "நல்லாயிருக்கேம்மா. வீட்டுக்காரிக்குத்தான் இருமல். மாடு கன்னு போட்டிருக்கு. சரி, வந்த விஷயம் என்ன?"

"என் பையைக் காணோம், ஐயா!"

"அதை எழுது!"

அக்கா எழுதினாள். பதினெட்டு நிமிடத்தில் முடித்தாள். முதல் வரியிலேயே பை வந்துவிட்டது.

"பரீட்சை ஹால்ல நீ இருக்க மாட்டியே, சைக்கால்?"

"கேள்வித்தாள் குடுக்கறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள விசாரிச்சுடு. எல்லாரும் சௌக்கியம்னு நான் சொன்னதா வச்சுக்கோ."

அக்கா தேர்வு எழுதிவிட்டு வந்தாள். மதிப்பெண் வரும்வரை சைக்காலுக்குப் பள்ளியில் பாடமே ஏறவில்லை. தன் பேச்சைக் கேட்டு அக்கா தேர்வில் கோட்டை விட்டிருந்தால்? அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. அக்கா தன் போனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். சைக்கால்தான் திறந்து பார்த்தாள்.

"எழுத்துல... ஆறரை!"

அக்கா போனைப் பிடுங்கி, பேருந்து நிலையத்தில் வேலையாக இருந்த அப்பாவை அழைத்தாள்.

"ஆறரை வாங்கிட்டேன்!" என்று கத்தினாள்.



"நல்லாயிருக்கீங்களான்னு ஒரு வார்த்தைகூடக் கேக்காம, என் பொண்ணோட போன்ல பேசறது யாரும்மா?" என்று கேட்டார் அப்பா.