எட்டாவது காசு

அரியலூரில் சிமெண்டு லாரி போகும்போதெல்லாம் தமிழ்மாறன் வீட்டு ஜன்னல் நடுங்கும். அன்று காலை அப்படி ஒரு லாரி போய் அடங்கிய பிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்த கண்ணகி பேசினாள். அவர் பழங்காசைப் பார்த்து அதை அடித்த ஊரைச் சொல்கிறவர் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள், பாவம்.

“எங்கப்பா திருடர் இல்லைங்க சார். அந்தப் பேரோட செத்தும் போக முடியாம வூட்டைச் சுத்தறாரு. விடியக்காலையில வாசல்ல அவரு இருமற சத்தம் கேக்குது.”

நடந்தது இதுதான். தா.பழூரில் மோட்டார் கொட்டகைக்குக் குழி வெட்டும்போது, அமாவாசை என்ற அவள் அப்பாவுக்கு ஒரு கலயத்தில் எட்டு வெண்கலக் காசு கிடைத்தது. அன்றே கிராம அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். காசை வாங்கத் தொல்லியல் அதிகாரி வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். வந்து பார்த்தால் ஏழு காசில் பச்சைக் களிம்பு. எட்டாவது மட்டும் பளபளக்கிறது. ‘நல்லதை விற்றுவிட்டுப் போலியை வைத்திருக்கிறார்’ என்று அதிகாரி எழுதிவிட்டார்.

மதியமே தமிழ்மாறன் மனைவி பூங்காவனத்தோடும் கண்ணகியோடும் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார். அதிகாரி ராஜராஜன் காசுகளை மேசைத் துணியில் பரப்பினார்.

“ஏழு ராஜாவும் வலப்பக்கம் பாக்கறாரு, இவரு மட்டும் இடப்பக்கம்! போலியேதாங்க!” என்றாள் பூங்காவனம்.

“தீர்ப்பே சொல்லிட்டியா? திருப்பி அடியில பாரு,” என்றார் தமிழ்மாறன்.

ஏழிலும் பின்பக்க உருவத்தின் அடியில் எழுத்துகள் இருந்தன. அந்தியோக்கியா நகரத்து ரோமானிய நாணயச்சாலையின் குறி. எட்டாவதில் வெறும் கீறல்.

“எழுத்துத் தெரியாத ஒருத்தன், ரோமானியக் காசை எதிர்ல வச்சு அப்படியே அச்சு வெட்டியிருக்கான். அச்சுல வலப்பக்கம் பாத்த முகம், அடிச்சா இடப்பக்கம் திரும்பிடும். இன்னைக்கு ஏமாத்தறவன் நல்ல காசை வச்சே வார்ப்பு எடுப்பான், முகம் திரும்பாது. இது அந்தக் காலத்துலயே நம்ம பக்கத்துப் பட்டறையில பிறந்தது. எந்த ஊர்னு என்னால சொல்ல முடியாது.”

“பழசுன்னா பளபளப்பு எப்படி?” என்றார் ராஜராஜன்.

தமிழ்மாறன் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே களிம்பு அப்படியே இருந்தது. விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. ஏழில் ஒன்றின் முதுகில் அதே சில்லின் வடிவோடு வட்டத் தழும்பு.

“ஆயிரத்தைந்நூறு வருஷம் ரெண்டும் ஒட்டியே கிடந்திருக்கு சார். மாத்தினது யாருமில்ல. ஒரு பக்கம் மட்டும் தேச்சவங்க இருக்காங்க.” லென்சில் பார்த்தார். களிம்பின் பள்ளங்களில் மஞ்சளாய் ஏதோ இருந்தது, சந்தனம். கண்ணகி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “புளி போட்டுத் தேச்சியாம்மா?”

கண்ணகி உடைந்தாள். “அப்பா நெத்தியில சந்தனத்து மேல வைக்க வூட்ல ஒரு காசு இல்லைங்க. கலயத்துலேர்ந்து எடுத்தேன். களிம்போட வைக்க மனசு வரல, மேல தெரியற பக்கத்தை மட்டும் தேச்சேன். பொணத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி எடுத்துக் கலயத்துலயே போட்டுட்டேன். அரசாங்கக் காசாச்சே, சொன்னா உள்ள வச்சிடுவாங்கன்னு வாயைத் தொறக்கல. அவரு பேரை நானேதாங்க கெடுத்தேன்.”

ராஜராஜன் அறிக்கைத் தாளை எடுத்தார். பிறகு தான் எழுதிய வரியை அடித்து, ‘எட்டும் அசல் பழங்காசு, கண்டெடுத்து ஒப்படைத்தவர் அமாவாசை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எட்டாவது காசை எடுத்து வைக்குமுன் பின்பக்கத்தைத் துடைக்கப் பஞ்சை நனைத்தார்.

“அதைத் துடைக்காதீங்க சார்,” என்றாள் கண்ணகி. “அந்தப் பக்கம் எங்கப்பா இருக்காரு.”